குடும்பநல வழக்குகளில் நேர்முன்னிலையும் காணொலி முன்னிலையும்: ‘இரண்டாவது அறை’ குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் குடும்பநல நீதிமன்றங்களில் காணொலிக் காட்சி வழி விசாரணை நடத்தலாமா என்னும் வினாவிற்கு உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் ஏழு மாத இடைவெளியில் இரு வேறு விடைகளை அளித்தது. பெருந்தொற்றுக் காலம் அவ்விடைகளின் நடைமுறைப் பொருளை மாற்றியமைத்தது. தொழில்நுட்பம் வேண்டுமா, நேர்முன்னிலை வேண்டுமா என்ற எதிர்நிலையில் வைத்தே இவ்விவாதம் பெரிதும் நிகழ்ந்து வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வெதிர்நிலையைக் கடந்து, வழக்கின் ஒவ்வொரு நிலைக்கும் எம்முறை பொருந்தும் என்பதையும், திரைக்கு அப்பால் தரப்பினர் அமர்ந்திருக்கும் அறை யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்பதையும் அளவுகோல்களாகக் கொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடும்பநல நீதிமன்றம், காணொலிக் காட்சி, மூடிய அறை விசாரணை, வழக்கு மாற்றல் மனு, சமரசம், தொடர்புரிமை.

முன்னுரை

உரிமையியல் வழக்குகள் பலவற்றில் தரப்பினர் நீதிமன்றத்திற்கு வராமலேயே வழக்கு முடிவதுண்டு. ஆவணங்களும் வழக்கறிஞர்களின் வாதமும் அங்குப் போதுமானவையாக அமைகின்றன. குடும்பநல வழக்கு அத்தகையதன்று. மணமுறிவு, பராமரிப்புத் தொகை, குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றில் நீதிபதி முடிவு செய்யவேண்டிய செய்திகள் பெரும்பாலும் இருவருக்கிடையே நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தவை. அவற்றுக்குப் பெரும்பான்மையும் அவ்விருவரின் சொல்லே சான்று. எனவே, தரப்பினரின் முன்னிலை இவ்வழக்குகளில் தனியிடம் பெறுகிறது.

அதே வேளையில், நேரில் வரவேண்டும் என்னும் கட்டாயம் வழக்கையே கைவிடச் செய்யும் சுமையாகவும் மாறுகிறது. எடுத்துக்காட்டாக, திருமணத்திற்குப் பின் புனேயில் வாழ்ந்த ஒரு பெண், பிணக்கு ஏற்பட்டுக் கைக்குழந்தையுடன் திருநெல்வேலியில் உள்ள பெற்றோர் வீட்டிற்குத் திரும்பிவிட்டார் எனக் கொள்ளலாம். கணவர் புனேயில் மணமுறிவு மனு தாக்கல் செய்கிறார். ஒவ்வொரு வாய்தாவிற்கும் அப்பெண் குழந்தையோடும் துணைக்கு ஒருவரோடும் இரயிலேற வேண்டும். தங்குமிடம், மொழி, வழக்கறிஞர் ஆகிய மூன்றும் அவருக்கு அந்நியமானவை. அவர் வராவிடில் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிவடையலாம்.

இத்தகைய பெண்ணிற்குக் காணொலிக் காட்சி ஒரு வாயிலைத் திறக்கிறது. ஆனால், அவ்வாயில் வழியே அவருடைய பாதுகாப்பிற்கென்றே சட்டம் அமைத்த சில அரண்கள் கழன்றுபோகவும் கூடும். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரக் கருதிப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

1. குடும்பநல நீதிமன்றச் சட்டமும் முன்னிலையும்

1974ஆம் ஆண்டில் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 59ஆவது அறிக்கை, குடும்ப வழக்குகளை ஏனைய உரிமையியல் வழக்குகளினின்று வேறுபட்ட முறையில் அணுகவேண்டும் என வலியுறுத்தியது. 1976ஆம் ஆண்டில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கெனத் தனிக் கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. எனினும் நடைமுறையில் பெரிய மாற்றம் ஏற்படாத நிலையில், 1984ஆம் ஆண்டில் குடும்பநல நீதிமன்றச் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின் நான்கு பிரிவுகள் முன்னிலை பற்றிய ஆய்விற்கு அடிப்படையானவை. 9ஆம் பிரிவு, தரப்பினரிடையே இணக்கம் காண முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. இணக்கத்திற்கு வாய்ப்பு உண்டெனத் தோன்றினால் விசாரணையை ஒத்திவைக்கவும் இடமளிக்கிறது. 10ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, இணக்கம் காண்பதற்கோ உண்மையைக் கண்டறிவதற்கோ நீதிமன்றம் தனக்கெனத் தனி நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. 11ஆம் பிரிவு மூடிய அறை விசாரணை பற்றியது. நீதிமன்றம் விரும்பினால் அவ்வாறு விசாரிக்கலாம். தரப்பினருள் ஒருவர் விரும்பினாலும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். 13ஆம் பிரிவின்படி, வழக்கறிஞர் வழி முன்னிலையாவது தரப்பினரின் உரிமையன்று. நீதிமன்றம் தேவையெனக் கருதினால் சட்ட வல்லுநர் ஒருவரின் உதவியை நாடிக்கொள்ளலாம்.

இந்நான்கையும் சேர்த்து நோக்கும்போது, சட்டத்தின் மனத்தில் இருந்த காட்சி தெளிவாகிறது. கணவனும் மனைவியும் ஓர் அறையில் நீதிபதியின் அல்லது ஆலோசகரின் முன் அமர்கின்றனர். இடையில் வழக்கறிஞர் இல்லை, பார்வையாளர் இல்லை, பேச்சு வெளியே செல்வதில்லை. 1984இல் இக்காட்சிக்கு மாற்றாக வேறொன்றைச் சட்டமியற்றியோர் கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை. சட்டம் நேர்முன்னிலையைக் கட்டாயமாக்கியதா, அல்லது அன்றைய நிலையில் அதனை இயல்பாகக் கருதிக்கொண்டதா என்பதே பிற்கால விவாதத்தின் மையமாயிற்று.

2. வழக்கு மாற்றல் மனுக்கள்

இவ்விவாதம் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் வழக்கு மாற்றல் மனுக்களில் தொடங்கியது. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, எந்த ஊர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யலாம் என்பதைக் கூறுகிறது. திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வாழும் இடம், இருவரும் இறுதியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவை அவற்றுள் அடங்கும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம், மனைவி மனுதாரராக இருப்பின் அவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் எனச் சேர்த்தது. ஆயினும், கணவர் முந்திக்கொண்டு தமக்கு ஏற்ற ஊரில் தாக்கல் செய்துவிட்டால் இத்திருத்தம் மனைவிக்கு உதவுவதில்லை.

அந்நிலையில் அவருக்கு எஞ்சியிருப்பது வழக்கைத் தம் ஊருக்கு மாற்றக் கோரும் மனுவே. ஒரே மாநிலத்திற்குள் எனில் உயர் நீதிமன்றத்தையும், மாநிலம் கடந்து எனில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தையும் அவர் அணுகலாம். பெண்ணின் பயணச் சுமையைக் கருதி இம்மனுக்கள் பரிவுடன் ஏற்கப்பட்டு வந்தன. அதன் விளைவாக, மணவாழ்வின் உள்விவரம் எதையும் ஆராயாத இத்தகைய மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் பெருகின. வழக்கு மாற்றப்பட்டதும் அதே சுமை கணவரின் மீதோ அவருடைய முதிய பெற்றோர், சாட்சிகள் மீதோ விழுந்தது. சுமை குறையவில்லை, தோள் மாறியது எனலாம்.

3. 2017 மார்ச்சுத் தீர்ப்பு

2017ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள், நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், உதய் உமேஷ் லலித் ஆகியோர் அடங்கிய அமர்வு இச்சிக்கலுக்கு மாற்றுவழி கண்டது. ஜபல்பூரில் இருந்த வழக்கை ஐதராபாத்துக்கு மாற்றக் கோரிய மனைவியின் மனு அது. எதிர்மனுதாரர் நீதிமன்ற எல்லைக்கு வெளியே வசிக்கும் வழக்குகளில், அவரை அழைப்பது நீதி மறுப்பாக முடியாதிருக்க நான்கு பாதுகாப்புகளைக் கீழமை நீதிமன்றம் கருதலாம் என அமர்வு கூறியது. காணொலிக் காட்சி வசதி, இலவசச் சட்ட உதவி, பயணம் மற்றும் தங்குமிடச் செலவிற்கான வைப்புத் தொகை, வெளியூர்த் தரப்பினர் தொடர்புகொள்வதற்கான மின்னஞ்சல் அல்லது தொலைபேசி எண் ஆகியவையே அந்நான்கு.

இத்தீர்ப்பு காணொலிக் காட்சிக்கு இசைவளித்த தீர்ப்பாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அதில் காணொலிக் காட்சி நான்கனுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பயணச் செலவை எதிர்த்தரப்பு ஏற்பதும் சட்ட உதவியும் நேரில் வருவோருக்கான ஏற்பாடுகளே. தொழில்நுட்பம் மட்டுமே தீர்வு என அத்தீர்ப்பு கூறவில்லை.

அத்தீர்ப்பிற்கு முன்னோடியும் உண்டு. மஹாராஷ்டிர அரசு தொடர்ந்த குற்றவியல் மேல்முறையீடு ஒன்றில், 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சாட்சியத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவு செய்தல் என்பதில் காணொலி வழி முன்னிலையும் அடங்கும் என விளக்கியிருந்தது. குற்றவியல் வழக்கிலேயே ஏற்கப்பட்ட ஒன்றைக் குடும்பநல வழக்கில் மறுக்கக் காரணமில்லை என்னும் எண்ணம் இதிலிருந்து இயல்பாக எழுந்தது.

4. 2017 அக்டோபர்த் தீர்ப்பு

மார்ச்சுத் தீர்ப்பின் சரிநிலை குறித்து உச்ச நீதிமன்றத்திலேயே ஐயம் எழுந்து, சிக்கல் மூவர் அமர்வின்முன் வைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அவ்வமர்வு தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதி ஏ. எம். கான்வில்கர் ஆகியோர் பெரும்பான்மையாகவும், நீதிபதி டி. ஒய். சந்திரசூட் மாறுபட்டும் தீர்ப்பெழுதினர்.

பெரும்பான்மைத் தீர்ப்பின் முடிபுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். இணக்க முயற்சி நடைபெறும் கட்டத்தில் காணொலிக் காட்சிக்கு இடமில்லை. அம்முயற்சி தோல்வியுற்ற பின்னர், இரு தரப்பினரும் கூட்டாகவோ தனித்தனியாகவோ இசைவு தெரிவித்தால் நீதிமன்றம் அதனை அனுமதிக்கலாம். இணக்க முயற்சி தோற்ற பின் நீதியின் நலனுக்கு ஏற்றதெனக் கருதினால் நீதிமன்றம் தானாகவும் அவ்வாறு ஆணையிடலாம். வழக்கு மாற்றல் மனுவை விசாரிக்கும் நிலையில் காணொலிக் காட்சிக்கு ஆணையிடக் கூடாது. இவ்வளவில் மார்ச்சுத் தீர்ப்பு நீக்கப்பட்டது.

இதற்குப் பெரும்பான்மை கூறிய காரணங்கள் இரண்டு. முதலாவது, இணக்கம் காண்பதற்கு இருவரும் ஒரே வேளையில் ஓரிடத்தில் இருப்பது இன்றியமையாதது. இரண்டாவது, மூடிய அறை விசாரணை என்னும் உரிமை காணொலிக் காட்சியில் தளர்வுறும். சட்டம் பெண்ணிற்கு அளித்த அவ்வுரிமையைத் தொழில்நுட்பத்தின் பெயரால் குறைக்கலாகாது.

நீதிபதி சந்திரசூட்டின் மாறுபட்ட தீர்ப்பு இவ்விரு காரணங்களையும் ஏற்கவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டம் நவீனத் தொழில்நுட்பம் பரவுவதற்கு முன் எழுந்தது. அதில் காணொலிக் காட்சி பற்றிய குறிப்பு இல்லாமையைத் தடையாகப் பொருள்கொள்ளலாகாது. 10ஆம் பிரிவு தரும் விரிந்த அதிகாரத்திற்குள் அது அடங்கும் என்பது அவர் கருத்து. பணியின் பொருட்டு வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் வாழும் தம்பதியரை நேரில் வந்தேயாக வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவதும் நீதி மறுப்பாகலாம் என்பதை அவர் சுட்டினார். எல்லாக் கட்டங்களிலும் முடிவைக் குடும்பநல நீதிமன்றத்திடமே விட்டுவிட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். இரு தரப்புத் தீர்ப்புகளும் பெண்ணின் நலனையே முன்வைத்தன. ஒன்று அவளுக்குப் பயணத்தினின்று விடுதலை வேண்டும் என்றது. மற்றொன்று அவளுக்கு மறைவான அறை வேண்டும் என்றது. இரண்டும் தேவை என்பதே நடைமுறை உண்மை.

அதே ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பையும் இதனோடு இணைத்து நோக்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்கீழ் இருவர் இசைவுடன் கோரும் மணமுறிவில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த சூழலில் தளர்த்தலாம் என அத்தீர்ப்பு கூறியது. அவ்விசாரணையில் காணொலிக் காட்சியைப் பயன்படுத்தவும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் வழி தரப்பினர் முன்னிலையாகவும் அது இடமளித்தது. பிணக்கு முடிந்துவிட்ட வழக்கில் தொலைநிலை முன்னிலை தீங்கற்றது என்னும் கருத்து இதில் உள்ளுறையாக அமைந்துள்ளது.

5. பெருந்தொற்றுக் காலமும் அதன்பின்னும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது விருப்பத்தெரிவு என்பதே இல்லாமற்போயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நாடு முழுவதும் காணொலி வழி நீதிமன்றச் செயற்பாட்டிற்கு அடித்தளமிட்டது. உயர் நீதிமன்றங்கள் விதிகளை வகுக்கும் வரை இம்முறை முதன்மையாக வாதங்களைக் கேட்பதற்கே பயன்படவேண்டும் என்றும், இரு தரப்பினரின் இசைவின்றிச் சாட்சியம் பதிவு செய்யலாகாது என்றும் அவ்வாணை வரையறுத்தது. அவசர நிலையிலும் வாதம் வேறு, சாட்சியம் வேறு என நீதிமன்றம் பிரித்துக் கண்டது என்பது இவ்வாய்விற்கு முக்கியமானது.

2021ஆம் ஆண்டில், உத்தரப் பிரதேசத்தின் கௌதம புத்த நகர்க் குடும்பநல நீதிமன்றத்திலிருந்த வழக்கொன்றை மாற்றக் கோரிய நிலையில், பெருந்தொற்றைக் கருதி அதன் விசாரணையைக் காணொலி வழி நடத்துமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2017 அக்டோபர்த் தீர்ப்பு நீக்கப்படாமலேயே நடைமுறை அதனைக் கடந்து சென்றது எனலாம்.

பின்னர் வந்த சட்ட மாற்றம் மற்றொரு முரணைத் தோற்றுவித்துள்ளது. குடும்பநல நீதிமன்றம், கணவன் மனைவியரின் உரிமையியல் மனுக்களோடு, மனைவி, குழந்தை, பெற்றோர் ஆகியோரின் பராமரிப்புக் கோரிக்கைகளையும் விசாரிக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த அக்கோரிக்கை, 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்கீழ் வருகிறது. அச்சட்டத்தின் 530ஆம் பிரிவு, அதன்கீழ் வரும் விசாரணைகளையும் நடவடிக்கைகளையும் மின்னணு முறையில் நடத்தலாம் எனப் பொதுவாக இசைவளிக்கிறது. ஆகவே, ஒரே நீதிமன்றத்தில், அதே கணவன் மனைவியரின் பராமரிப்பு மனு ஓர் அளவுகோலுக்கும், மணமுறிவு மனு வேறோர் அளவுகோலுக்கும் உட்படும் நிலை உருவாகியுள்ளது.

6. ‘இரண்டாவது அறை’

மேற்கண்ட தீர்ப்புகளும் ஆணைகளும் பெரும்பாலும் நீதிமன்ற அறையை மையமாகக் கொண்டவை. காணொலிக் காட்சியில் அறைகள் இரண்டு. ஒன்று நீதிபதி அமர்ந்திருப்பது. அதன் கதவு மூடப்பட்டதா, யார் உள்ளே உள்ளனர் என்பதெல்லாம் அவர் அறிவார். மற்றொன்று தரப்பினர் அமர்ந்திருப்பது. கைப்பேசியின் கருவி காட்டும் ஒரு சிறு பரப்பைத் தவிர அவ்வறையைப் பற்றி நீதிபதி எதையும் அறியார். மூடிய அறை விசாரணை என்னும் பாதுகாப்பு முதலாவது அறைக்கு மட்டுமே இயல்பாகப் பொருந்துகிறது.

இவ்விரண்டாவது அறையில் மூவகை இடர்கள் உண்டு. முதலாவது, சொல்லிக்கொடுத்தல். குறுக்கு விசாரணையின்போது கருவிக்குப் பின்னால் நிற்பவர் சைகை காட்டலாம். இன்னொரு கைப்பேசியில் விடை வரலாம். இரண்டாவது, அச்சுறுத்தல். பிறந்த வீட்டாரோ புகுந்த வீட்டாரோ அருகில் நிற்கும்போது ஒரு பெண் தன் உண்மையான விருப்பத்தைக் கூற இயலாமற்போகலாம். கூட்டு மனுவில் ‘இசைவுடன்தான் கேட்கிறேன்’ என்னும் ஒரு சொற்றொடரின் பின்னணியை நீதிபதியால் அறிய முடியாது. மூன்றாவது, பதிவு செய்தல். மணவாழ்வின் அந்தரங்கம் பற்றிய வாக்குமூலம் ஒளிப்பதிவாக வெளியேறினால் எந்த ஆணையாலும் அதனைத் திரும்பப் பெற இயலாது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் நீதிமன்ற நடவடிக்கைகளின் நேரலை ஒளிபரப்பிற்கு இசைவளித்தபோது, மணவாழ்வு தொடர்பான வழக்குகளை உச்ச நீதிமன்றம் அதனின்று விலக்கியதற்கு இவ்வச்சமே அடிப்படை.

இவ்விடர்களுக்கு விதிகளில் ஒரு விடை ஏற்கெனவே உள்ளது. உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு வகுத்த மாதிரி விதிகளைத் தழுவிப் பல உயர் நீதிமன்றங்கள் தம் காணொலி விதிகளை அமைத்தன. அம்மாதிரி விதிகள் நீதிமன்ற முனைக்கும் தொலைமுனைக்கும் தனித்தனி ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்கின்றன. தொலைமுனை வெளிநாட்டில் இருப்பின் இந்தியத் தூதரக அலுவலர் ஒருவரும், உள்நாட்டில் வேறொரு நீதிமன்ற வளாகத்தில் இருப்பின் அங்குள்ள நீதிபதி நியமிக்கும் அலுவலரும் அப்பொறுப்பை ஏற்கின்றனர். சாட்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும், இசைவற்ற பதிவைத் தடுப்பதும் விதிகளின் நோக்கங்களாகும்.

ஆகவே, தொலைவு என்பதும் வீடு என்பதும் ஒன்றல்ல. முன்னர்க் கண்ட திருநெல்வேலிப் பெண், தம் வீட்டிலிருந்து கைப்பேசி வழி முன்னிலையாவது வேறு. திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தின் ஓர் அறையிலிருந்து அலுவலர் ஒருவர் உடனிருக்க முன்னிலையாவது வேறு. இரண்டாவது முறையில் புனேவுக்கான பயணம் தவிர்க்கப்படுகிறது. அறையின் மறைவும் காக்கப்படுகிறது. 2017இல் எதிரெதிராக நின்ற இரு தீர்ப்புகளின் கவலைகளும் இவ்வொரு ஏற்பாட்டில் பெருமளவு தீர்கின்றன.

7. வழக்கறிஞர் பணியில் தொலைநிலைத் தொடர்பு

நீதிமன்றத்திற்கு வெளியே நிகழும் சட்டப்பணியிலும் இவ்வேறுபாடு பொருந்தும். குடும்பநல வழக்கில் வழக்கறிஞரின் முதற்பணி கட்சிக்காரரின் வரலாற்றைக் கேட்டறிதலாகும். தமிழகச் சூழலில் கட்சிக்காரர் தனியே வருவது அரிது. பெற்றோர், தாய்மாமன், மூத்த உடன்பிறந்தோர் எனக் குடும்பமே உடன்வரும். வழக்கறிஞர் அலுவலகத்தில் உறவினரைச் சற்று வெளியே அமரச் செய்து, கட்சிக்காரரிடம் தனித்துக் கேட்கமுடியும். சேர்ந்து வாழ விரும்புகிறாரா, பிரிய விரும்புகிறாரா என்னும் அடிப்படைச் செய்தி அத்தனிமையிலேயே வெளிப்படுவதுண்டு. தொலைபேசி உரையாடலில் ஒலிபெருக்கி இயங்குகிறதா என்பதைக்கூட வழக்கறிஞரால் உறுதிசெய்ய இயலாது.

மறுபுறம், தொலைநிலைத் தொடர்பு தெளிவாகப் பயன்தரும் பணிகளும் பல. வரைவு மனுவைச் சரிபார்த்தல், வருமான ஆவணங்களைப் பெறுதல், வாய்தா விவரம் தெரிவித்தல், வெளிநாட்டில் பணிபுரியும் கட்சிக்காரருடன் கலந்துரையாடுதல் ஆகியவற்றிற்கு நேர்ச்சந்திப்பு தேவையில்லை. வன்முறைக்கு உள்ளான பெண்ணிற்கு, எதிர்த்தரப்பினரை நீதிமன்றத் தாழ்வாரத்தில் சந்திக்க நேராமையே ஒரு பாதுகாப்பாகும். அவருக்கு ‘ஒரே அறை’ என்பது இணக்கத்தின் களமாக அமையாமல் அச்சத்தின் களமாக அமையலாம் என்பதையும் மறுக்க இயலாது.

ஆலோசகர் முன் நிகழும் இணக்கப் பேச்சிலும் இவ்விரு நிலைகளும் உள்ளன. ஆலோசகர் முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தும் பின்னர் இருவரிடமும் சேர்த்தும் பேசும் முறையில், பேசாத வேளையில் ஒருவர் மற்றவரை நோக்கும் பார்வையும், இருக்கையை நகர்த்திக்கொள்வதும்கூடப் பொருளுடையவை. திரையில் தோன்றுவது பேசுபவரின் முகம் மட்டுமே.

இக்கருத்து இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவுத் தலைவர் சர் ஆண்ட்ரூ மெக்பார்லேன், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அளித்த தீர்ப்பொன்றில் இதனையே முன்வைத்தார். தாய் ஒருவர் தம் குழந்தைக்குத் தீங்கிழைத்தார் என்னும் கடுமையான குற்றச்சாட்டைப் பற்றிய நீண்ட விசாரணை அது. அதனை முழுவதும் தொலைநிலையில் நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. தாய் சாட்சியளிக்கும்போது மட்டுமன்றி, பிறர் சாட்சியளிக்கையில் அவர் எவ்வாறு இருக்கிறார் என்பதையும் நீதிபதி காண வேண்டும் என்ற அடிப்படையில் தொலைநிலை விசாரணை கைவிடப்பட்டது. செய்ய இயலும் என்பதனாலேயே செய்வது முறையாகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

8. குழந்தையும் திரையும்

குழந்தை தொடர்பான ஆணைகளில் தொலைத்தொடர்பு வேறொரு பணியைச் செய்கிறது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அளித்த தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம், பார்வையுரிமையோடு தொடர்புரிமை என்பதையும் வலியுறுத்தியது. பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களிலோ நாடுகளிலோ வாழும்போது, குழந்தையுடன் இல்லாத பெற்றோர் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடமேனும் பேசும் வாய்ப்பைப் பெறவேண்டும் என்றும், காணொலி அழைப்பு அதற்குச் சிறந்த வழி என்றும் அது கூறியது. குழந்தைக் கடத்தல் குறித்த 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராத நிலையில், கடல் கடந்த மணவாழ்வுப் பிணக்குகளில் இத்தொடர்புரிமை பெருமதிப்புடையது.

ஆயினும், தொடர்புரிமை பார்வையுரிமைக்குக் கூடுதலாக அளிக்கப்பட்டதேயன்றி மாற்றாக அளிக்கப்பட்டதன்று. குழந்தையின் விருப்பத்தை நீதிபதி கேட்டறியும் சூழலில் இரண்டாவது அறையின் இடர் மிகுதி. எந்தப் பெற்றோரின் வீட்டில் குழந்தை அமர்ந்திருக்கிறதோ, அந்த வீட்டின் குரலே குழந்தையின் குரலாக வெளிப்படும் வாய்ப்புண்டு. இங்கு நேர்ச்சந்திப்பே பொருத்தமானது.

9. நிலைவாரியான அளவுகோல்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து வழக்கின் நிலைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வகை, முறைசார் நிலைகள். வாய்தா குறித்தல், ஆவணத் தாக்கல், இடைக்கால மனு மீதான வாதம், இறுதி வாதம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் தரப்பினரின் உள்ளக்கிடக்கை ஆராயப்படுவதில்லை. எனவே, எவ்விடத்திலிருந்தும் காணொலி வழி முன்னிலையாவதில் தீங்கில்லை.

இரண்டாம் வகை, கட்டுப்பாடுடைய தொலைமுனை தேவைப்படும் நிலைகள். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, கூட்டு மனுவில் இசைவை உறுதிசெய்தல் ஆகியவை இவ்வகையின. இவற்றில் நீதிமன்ற வளாகம், தூதரகம் போன்ற, அலுவலர் உடனிருக்கும் இடத்திலிருந்து முன்னிலையாதல் வேண்டும்.

மூன்றாம் வகை, நேர்முன்னிலை இயல்பாக அமையவேண்டிய நிலைகள். இணக்க முயற்சியின் முதல் அமர்வும் குழந்தையிடம் கேட்டறிதலும் இதில் அடங்கும். வன்முறை அச்சம் உள்ள வழக்குகளில், தரப்பினரைத் தனித்தனி நேரத்தில் அழைத்தல் போன்ற விலக்குகள் தேவை. நேரில் வருவோரின் பயணச் செலவிற்கு மார்ச்சுத் தீர்ப்பு கூறிய வைப்புத் தொகை இங்குப் பொருந்தும். அத்தீர்ப்பு காணொலிக் காட்சி குறித்த அளவிலேயே நீக்கப்பட்டதாகக் கொண்டால், அதன் ஏனைய மூன்று பாதுகாப்புகளும் கவனத்திற்குரியவை.

இப்பகுப்பு 2017 அக்டோபர்த் தீர்ப்போடு முரண்படவில்லை. இணக்க முயற்சிக்குப் பிந்தைய நிலைகளில் அத்தீர்ப்பு குடும்பநல நீதிமன்றத்திற்கு விட்டுவைத்த விருப்பதிகாரத்தை எவ்வாறு செலுத்தலாம் என்பதற்கே இது வழிகாட்டுகிறது.

முடிவுரை

குடும்பநல வழக்குகளில் தொழில்நுட்பமா, நேர்முன்னிலையா என்னும் வினா முழுமையற்றது என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் காக்க விரும்பியது மறைவான உரையாடலையும் அச்சமற்ற சொல்லையும் ஆகும். நீதிமன்ற அறை அவற்றைக் காக்கும் வழியாக அமைந்தது. அவ்விரண்டும் தொலைமுனையில் உறுதிப்படுத்தப்பட்டால் தொலைவு குற்றமாகாது. உறுதிப்படுத்தப்படாவிடில் வசதியே பாதுகாப்பின்மையாக மாறும்.

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசு 7,210 கோடி ரூபாய் மதிப்பில் மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஆவணங்களை மின்னணுமயமாக்குவதற்கு இணையாக, ஒவ்வொரு வட்ட நீதிமன்ற வளாகத்திலும் கதவு மூடத்தக்க ஒரு தொலைமுனை அறையும், அதற்குப் பொறுப்பான அலுவலர் ஒருவரும் அமையுமாயின், குடும்பநல வழக்குகளில் அதன் பயன் பெரிதாக இருக்கும். குழந்தையுடன் இரயிலேற இயலாத பெண்ணிற்கும், வீட்டில் வாய்திறக்க இயலாத பெண்ணிற்கும் அவ்வறை ஒருசேர உதவும். அத்தகைய அறைகளில் முன்னிலையானோரின் பட்டறிவைக் களஆய்வின் வழித் தொகுப்பது இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய பணியாகும்.